கதவைத் தட்டப் போகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கிளியனூரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இந்த வருஷமும் நீங்கள் கேரல் பாடக் கிளம்புவீர்கள். ஒருவன் டோலக் அடிப்பான், ஒருவனுக்குத் தாத்தா வேஷம், ஒரு பெண்ணின் கையில் உண்டியல், இன்னொருத்தி கையில் நோட்டுப் புத்தகம். பனியில் தொண்டை கட்டிக்கொள்ளும்வரை வீடு வீடாகப் போவீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் யாரும் கோபித்துக்கொள்ளாத ஒரே காலம் அதுதான். சேரும் பணத்தில் கொஞ்சம் குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் போகும். மீதியில் இல்லாதவர்களுக்கு அரிசியும் சேலையும் வாங்கி, பெருநாளுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டுக் கொடுப்பீர்கள்.

உங்கள் மனசு நல்ல மனசு. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருத்தியின் மகள் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் நீங்கள் யாரும் காது கொடுக்க மாட்டீர்கள், ஓட்டத்தில் இருப்பீர்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என் அம்மா மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் உப்பு வாரினாள். எங்கள் வீட்டுச் சுவரில் பங்கிலிருந்து கொடுத்த காலண்டர் தொங்கும். ஊதா, வெள்ளை, பச்சை, சிவப்பு என்று திருவழிபாட்டு நிறங்கள் போட்டது. எங்களுக்கு இன்னொரு காலண்டரும் இருந்தது. அது அம்மாவின் பாதம். பாதம் வெடித்துப் புண்ணாகக் கிடந்தால் உப்புக் காலம். புண் ஆறித் தோல் மெத்தென்று வந்தால் மழைக்காலம், அதாவது பசிக்காலம். அம்மா காலில் புண் இல்லாத நாட்களில்தான் எங்கள் வயிறு காய்ந்தது.

அளத்து வேலை உங்களில் பலருக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போகும்போது வெள்ளைக் குவியல்களைப் பார்த்து செல்ஃபி எடுத்திருப்பீர்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பெரிய உப்பளம் நம் மரக்காணம்தான். சுமார் 3,000 ஏக்கர். பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்கும். மழையில் கரைந்த வரப்பைக் கட்டுவார்கள், பாத்தியில் படிந்த சேற்றை வழிப்பார்கள், களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் ஏறிவிடும். பிறகு தண்ணீர் கட்டுவது. கடல்நீர் உப்புச் செறிவில் 3 டிகிரிதான் இருக்கும். அது பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, 24, 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு விளையும். விளைந்ததைப் பலகையால் வாரிக் கரையில் சேர்த்து, தண்ணீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். விடியுமுன் போவாள் அம்மா. வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பரப்பிலிருந்து வெளிச்சம் திருப்பி அடிக்கும். நாற்பது வயதிலேயே அவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது, கண் கூசிக் கூசி.

மாசியில் முதல் உப்பு, சித்திரை வைகாசியில் முழு விளைச்சல், புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் அளம் ஏரியாகிவிடும். அதோடு தை பிறக்கும்வரை வேலை கிடையாது. இப்போது அரசாங்கம் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. எங்கள் காலத்தில் அதுவும் இல்லை.

இந்தக் கணக்கைக் கோயில் காலண்டரோடு சேர்த்துப் பாருங்கள். அக்டோபர் நமக்கு ஜெபமாலை மாதம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நவம்பர் கடைசியில் கிறிஸ்து அரசர் பெருவிழா, அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் பிறக்கும், நாலு ஞாயிறு கழித்துக் கிறிஸ்துமஸ், ஜனவரியில் மூன்று அரசர்கள் திருநாள். உப்பளத்து வீட்டில் ஜெபமாலை மாதத்தில் அடுப்பு அணையத் தொடங்கும். மூன்று அரசர்கள் வந்து போகும்வரை அப்படித்தான். கிட்டத்தட்ட மூன்று மாதம். அந்த மூன்று மாதத்துக்கு நடுவே, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மேசையிலிருந்து ஒரு ஐந்து கிலோ அரிசிப் பை.

2024-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மரக்காணத்து அளம் எது, கழுவெளி ஏரி எது, கடல் எது என்று தெரியவில்லை. விடிந்தால் டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கரண்ட் இல்லாத வீட்டில் நான் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தேன். அது திருவருகையின் முதல் மெழுகுவத்தியா, இருட்டுக்கு ஏற்றியதா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதிர்பார்த்துக் காத்திருக்கும் காலம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அன்றைக்கு அளத்துத் தெருக்களில் எத்தனை பேர் எதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள் என்பதைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. எனக்குப் பத்து வயது இருக்கும். மழை விடாத ஒரு டிசம்பர். வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. எந்தக் குழு, எந்தச் சபை என்பதெல்லாம் வேண்டாம், கொடுக்க வேண்டும் என்றுதான் வந்தார்கள். மைக்கில் பேர் வாசித்தார்கள். பேருக்கு முன்னால் "மிகவும் ஏழை" என்று ஒரு அடைமொழி. அம்மா போய்ச் சேலையை வாங்கினாள். வாங்கியவளை நிறுத்திப் படம் பிடித்தார்கள். பளிச்சென்று வெளிச்சம் வரவில்லை என்று சேலையைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்து, மறுபடி பிடித்தார்கள். அம்மா தலை குனிந்தாள். "நிமிர்ந்து பாரும்மா" என்றார் ஒருவர்.

அந்தச் சேலையை அவள் ஒருநாளும் கட்டவில்லை. என் தம்பிக்குத் தூளி கட்டினாள்.

அதே மழைக்காலத்தில்தான் எங்கள் தெருவில் இருந்த ஒரு ஆயாவையும் நான் பார்த்தேன். ஆயாவும் அப்படியொன்றும் வசதி இல்லை. மகன் ஏதோ மில்லில் இருந்தான், மாதம் ஒருமுறை பணம் அனுப்புவான், அவ்வளவுதான். ஆனால் அது வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிடியரிசிப் பானை வைத்திருந்தது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிடும். விளக்கு வைத்த பிறகு, தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கியதும், முந்தானைக்குள் ஒரு படியை மறைத்துக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வரும்.

"ஏ பொண்ணு, வூட்ல உப்பு தீந்து போச்சு. அளத்து உப்பு ஒரு படி குடு. கடை உப்பு எனக்கு ஆவறதில்ல. சும்மா வாணாம், இந்தா அரிசி."

அம்மா உப்புப் பானையிலிருந்து தலைதட்டி ஒரு படி அளந்து கொடுப்பாள். ஆயா அரிசியைக் கொட்டிவிட்டு, உப்பை ஒரு கல் வாயில் போட்டுப் பார்த்து, "உன் கை உப்புதான் உப்பு" என்று சொல்லிவிட்டுப் போகும். நாலு நாள் கழித்து மறுபடி உப்பு தீர்ந்துபோகும். தனியாக இருக்கும் ஒரு கிழவிக்கு நாலு நாளைக்கு ஒரு படி உப்பு எதற்கு என்று கேட்கும் வயது எனக்கு இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு நாளாவது அவள் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அவள் வாங்கவில்லையே, விற்றாள்.

பிறகு டீச்சராகிச் சங்க இலக்கியம் நடத்தப் போனபோதுதான் தெரிந்தது, இந்த வியாபாரம் ரொம்பப் பழசு. பழைய பாட்டுகளில் உப்பு விற்கும் உமணப் பெண்கள் நெல்லுக்குச் சரி அளவு உப்பு என்று கூவிக்கொண்டு தெருவில் போகிறார்கள்.

சிறுபாணாற்றுப்படையையும் அப்போதுதான் முழுசாகப் படித்தேன். அது நம் மண்ணின் பாட்டு, தம்பிகளே. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே கூப்பிடு தூரம். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனம். அதில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பேகன், பாரி முதலான வள்ளல்கள் ஏழு பேரையும் வரிசையாகச் சொல்லி, அவர்கள் பூண்டிருந்த கொடை என்ற நுகத்தை இப்போது இவன் ஒருவனே தாங்குகிறான் என்று பாடியிருக்கிறார்.

அந்தப் பாட்டில் ஒரு பாணன் வீடு வருகிறது. அடுக்களைச் சுவர் இடிந்து, கறையான் பிடித்து, காளான் முளைத்துக் கிடக்கிறது. குட்டி போட்ட நாய் ஒன்று, கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, வலி பொறுக்காமல் குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பைமேட்டில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அடுத்து அவள் செய்ததைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். விவரம் தெரியாதவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறாள். சாத்திய கதவுக்குள்ளே, அந்த உப்பில்லாக் கீரையைத் தான் மட்டும் தின்னவில்லை, சுற்றத்தார் எல்லாருக்கும் பகிர்ந்து கூட உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

அந்த வீட்டில் உப்பு இல்லை. எங்கள் வீட்டில் உப்பைத் தவிர வேறு இல்லை. மற்றபடி அது எங்கள் வீடுதான். அம்மாவும் அப்படித்தான் கதவைச் சாத்துவாள். மழைச்சாரல் என்று எங்களிடம் சொல்வாள்.

நல்லியக்கோடனின் வாசலைப் பற்றியும் அதே பாட்டு சொல்கிறது. பாடுகிறவர் யார் வந்தாலும் சாத்தாத வாசல் அது. வந்தவனை உட்காரவைத்து, அரசனே பக்கத்தில் நின்று, அவனுக்குப் பிடித்தது எது என்று பார்த்துப் பரிமாறுகிறான். இல்லாத வீட்டுக் கதவு மானத்துக்காகச் சாத்தப்படும், இருக்கிற வீட்டுக் கதவு சாத்தவே கூடாது. நாமோ சாத்தின கதவைத் திறக்கச்சொல்லி உள்ளே கேமராவோடு போகிறோம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதைத் திருநீற்றுப் புதன் தோறும் நற்செய்தியாக வாசிக்கிறோம். நெற்றியில் சாம்பலோடு கேட்கிறோம். டிசம்பர் வருவதற்குள் பிளக்ஸ் அடித்துவிடுகிறோம்.

கொடுப்பது என்பது நம் திருச்சபை ஆண்டில் டிசம்பருக்கு மட்டும் எழுதி வைத்த வேலை இல்லை. லேவியர் ஆகமம் 23-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அது முழுக்க முழுக்கத் திருநாள் பட்டியல். பாஸ்கா எப்போது, ஐம்பதாம் நாள் எப்போது, கூடாரத் திருநாள் எப்போது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. அறுவடைத் திருநாளான ஐம்பதாம் நாளைச் சொன்ன கையோடு, நடுவிலே ஒரு விதி வருகிறது: கழனி ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் வெளியூர்க்காரனுக்கும் உரியது. திருநாள் காலண்டருக்குள்ளேயே ஏழையின் பங்கை எழுதிவைத்திருக்கிறார்கள். விளைகிற காலத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நமக்கு அந்த ஐம்பதாம் நாள் தூய ஆவியார் பெருவிழா. மே, ஜூனில் வரும். மரக்காணத்தில் உப்பு மலைமலையாகக் குவிந்திருக்கும் காலம். கூலி கையில் புரளும் காலம். ஐப்பசிப் பசிக்கு அப்போதே ஒதுக்க ஆரம்பித்தால் என்ன?

தவக்காலத்தையும் இப்படி நினைத்துப் பாருங்கள். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட ஹெர்மாஸின் மேய்ப்பன் என்ற பழைய நூலில் நோன்புக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. நோன்பு நாளில் சாப்பிடாமல் விட்ட சாப்பாட்டுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அந்தத் தொகையை விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிடச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வருகிறோம், கறி மீன் தொடுவதில்லை. அந்தக் கறிக்காசு எங்கே போகிறது? எங்கள் வீட்டில் அது ஈஸ்டர் பிரியாணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை உண்மையாகவே ஒப்புக்கொள்கிறேன். நாற்பது நாள் விட்டதை ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டு, அதை நோன்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 26-ஐ நாம் தூங்கிக் கழிக்கிறோம். அது முடியப்பர் திருநாள், ஸ்தேவான் திருநாள். முதல் வேதசாட்சி என்று மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறோம். அவரை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? தினமும் சாப்பாடு பங்கிடும்போது வேறு பாஷை பேசும் விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று எருசலேமில் முணுமுணுப்பு எழுந்தது. பங்கீடு நேராக நடக்க ஏழு பேரை நியமித்தார்கள். அதில் முதல் பேர் ஸ்தேவான். பாலன் பிறந்த மறுநாளே திருச்சபை ஒரு பந்தி விசாரிப்புக்காரரை நினைவுகூர்கிறது. 2004-இல் அந்த டிசம்பர் 26 காலையில்தான் கடல் நம் குப்பங்களுக்குள் வந்தது. அன்று கோயில், பள்ளிக்கூடம், மண்டபம் என்று எந்தக் கதவு திறந்திருந்ததோ அதற்குள் மக்கள் ஓடினார்கள். யாரும் யாரையும் எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஒரு வாரம் அப்படி இருந்தோம். அந்த ஒரு வாரத்தைப் பார்த்தவள் என்பதால், அப்படி இருக்க நம்மால் முடியும் என்று நான் நம்புகிறேன்.

மதமும் தெருவும் கேட்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் திண்டிவனம். 1890-களின் தொடக்கத்தில் அங்கே அமெரிக்க ஆற்காடு மிஷனில் மருத்துவராக இருந்தவர் இரண்டாம் ஜான் ஸ்கடர். அவர் மகள் ஐடா, தாயைப் பார்த்துக்கொள்ள வந்தவள். இந்தியாவும் வேண்டாம், மிஷன் வேலையும் வேண்டாம், திரும்பிப் போய்விட வேண்டும் என்றிருந்த இளம்பெண். ஒரு ராத்திரி மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் இன்னொரு சாதி இந்து. மூன்று பேர் வீட்டிலும் பிரசவ வலி. ஆண் டாக்டர் வந்து பார்க்கக் கூடாது, நீதான் வர வேண்டும் என்றார்கள். எனக்கு மருத்துவம் தெரியாதே என்றாள் ஐடா. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதன்பிறகு ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் இறந்துபோன மனைவியின் பேரில் 10,000 டாலர் கொடுத்தார், 1902-இல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைக்கு நாம் சி.எம்.சி. என்று சொல்லி, கடைசி நம்பிக்கையாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலூர் ஆஸ்பத்திரி அதுதான். அது பிறந்தது நம் பக்கத்து ஊரில், மூன்று முறை கதவு தட்டின சத்தத்தில். தட்டியவர்களில் ஒருவர்கூட கிறிஸ்தவர் இல்லை.

கிளியனூரில் நம்மில் சிலர் பூசைக்குப் போகிறோம், சிலர் ஆராதனைக்குப் போகிறோம், சிலர் ஜெபவீட்டுக்குப் போகிறோம். உதவி என்று வரும்போது "நம்ம சனத்துக்கு" என்ற சொல் எல்லாரிடமும் வந்துவிடுகிறது. நம்ம சனம் என்றால் சபை, சபைக்குள்ளே தெரு, தெருவுக்குள்ளே சாதி. செத்தவரைப் புதைக்கக்கூடத் தனித்தனி இடம் வைத்திருக்கும் ஊர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. கல்லறைத் திருநாளில் பூ வைக்கப் போகும்போது அந்தச் சுவரைப் பார்க்கிறோம், பார்த்துவிட்டு வருகிறோம். அரிசிப் பையிலும் அதே சுவரை எழுப்பாதீர்கள். உங்கள் தலைமுறையிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது.

அது நம்மால் ஆகாத காரியமும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலிருந்து காவி உடுத்தி, கொடி பிடித்து, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை வழியெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? செப்டம்பர் 8-க்குள் மாதாவைப் பார்த்துவிட வேண்டும் என்று கொப்புளம் கட்டின காலோடு வருகிறார்கள். மோர்ப் பந்தல் போடுகிறவர்களில் பாதிப்பேர் கோயிலுக்கே வராதவர்கள். ஒரு வருஷம் மரக்காணத்தில் டீக்கடை வைத்திருந்த ஒரு பாய், நடைப்பயணக்காரர்கள் கால் கழுவ வெந்நீர் போட்டுவைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெந்நீரில் அவர் ஒரு கை கல்லுப்பும் போட்டார்.

உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பழைய திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் நாக்கில் சாமியார் ஒரு கல் உப்பு வைப்பார். 1960-களின் கடைசியில் சடங்கைத் திருத்தியபோது அது போய்விட்டது. எனக்கு வைத்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நேர்ச்சைக்கு இன்றும் நம் சனங்கள் உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கோயிலில் போடுகிறார்கள். அது எந்த அளத்து உப்பு, யார் வாரிய உப்பு என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் அக்கா என்று கேட்பீர்கள்.

கேரல் வசூலை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பாதீர்கள். ஈஸ்டர் முடிந்த வாரத்திலேயே வீட்டுக்கு வீடு ஒரு பிடியரிசி டப்பா கொடுங்கள். பால்பவுடர் டப்பா போதும். மாதம் ஒருமுறை, கடைசி ஞாயிறு, சின்னப் பிள்ளைகளை விட்டு வாங்கிச் சேருங்கள். அரிசி பூச்சி பிடிக்கும், அதனால் சேர்ந்ததை விற்றுப் பணமாக வைத்து ஜெபமாலை மாதத்தில் புது அரிசி வாங்கலாம். அக்டோபர் நடுவில் கொடுக்கத் தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கோயிலுக்கு வரச்சொல்லாதீர்கள், நீங்கள் போங்கள். இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். இருட்டின பிறகு போங்கள், பின்வாசல் இருந்தால் பின்வாசல். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்ற நோட்டு உங்களில் ஒருத்தியிடம் இருக்கட்டும், பங்கு அறிக்கையில் மூட்டைக் கணக்கு மட்டும் வாசித்தால் போதும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அளத்துத் தெருப் பெண்களுக்குத்தான் தெரியும், அதனால் அவர்களில் இரண்டு பேரை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவி வாங்குகிறவர்களாக இல்லை, தீர்மானிக்கிறவர்களாக.

இல்லாதவர்களை வாங்குகிறவர்களாக மட்டும் பார்க்கக் கூடாது என்ற இந்தக் கடைசி விஷயத்தை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. தெற்கே வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் சனங்களின் காணிக்கையிலேயே அது நடக்க வேண்டும் என்றார்கள். 1912 டிசம்பர் 29-இல், கிறிஸ்துமஸ் வாரத்தில், தோர்ணக்கல்லுக்கு ஆயரானார். ஆங்கிலிக்கன் சபையில் ஆயரான முதல் இந்தியர் அவர். அவருடைய மறைமாவட்டத்து மக்கள் பெரும்பாலும் நிலமில்லாத, ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட தெலுங்குச் சனங்கள். அவர்களிடம் போய், நீங்களும் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இல்லாதவனிடம் போய்க் கேட்பதா என்று அந்த நாளில் பலருக்கு உறுத்தியிருக்கும். எனக்கு உறுத்தவில்லை. வாங்க மட்டுமே தெரிந்தவர் என்று ஒரு மனுஷரை ஒதுக்கிவைப்பதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு நாம் செய்ய முடியாது. அந்த ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் உப்புக் கேட்டது.

அதனால் கேரலுக்குப் போகும்போது கழுவெளிப் பக்கத்துத் தெருக்களையும் அளத்துக் குடிசைகளையும் தாண்டிப் போகாதீர்கள். மெயின் ரோட்டு வீட்டில் பாடுகிற மூன்று பாட்டையும் அங்கேயும் பாடுங்கள். பாடி முடித்ததும் உண்டியலை நீட்டுங்கள். "பாவம், இவங்ககிட்ட எப்படி" என்று பின்னுக்கு இழுக்காதீர்கள்.

சேலை வந்த அந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். கேரல் கோஷ்டி எங்கள் தெருவுக்கும் வந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நின்று நல்லாத்தான் பாடினார்கள். பாட்டு நடக்கும்போதே அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலணாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்கென்றே புரட்டாசிக் கூலியில் முடிந்து வைத்தது. பாட்டு முடிந்தது. தாத்தா வேஷம் போட்டவர் எங்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். உண்டியல் வைத்திருந்தவர் எங்கள் கூரையைப் பார்த்தார், உண்டியலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு அடுத்த வீட்டையும் விட்டுவிட்டு நடந்துவிட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினாள். தெருமுனை தாண்டி, புளியமரத்தடியில் போய் அவர்களைப் பிடித்தோம். மூச்சு வாங்கியது அவளுக்கு. உண்டியலை வெளியே எடுக்கும்வரை நின்று, காசைப் போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது, அவள் கேரல் பாட்டைத் தனக்குத்தானே பாடிக்கொண்டு வந்தாள், வார்த்தை பாதி தெரியாமல்.

அன்புடன்,
உங்கள் தெருவில் இருக்கும்
ஒரு பழைய டீச்சர் அக்கா
கிளியனூர்